ஐம்பதாவது விதவை

திருமுல்லைவாயில் சபையின் கேட்டில் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியது கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் இரண்டாவது ஞாயிறன்று. ஷோபனா அதை ஏறிட்டுப் பார்த்தாள். காலையில் குடித்த காபி நெஞ்சுவரை வந்துவிட்டுப் போனது. 'ஐம்பது விதவைத் தாய்மார்களுக்குக் கிறிஸ்துமஸ் புடவை வழங்கும் விழா' என்று கொட்டை எழுத்து. மூலையில் தபால்தலை அளவுக்குப் பாலன் இயேசு. நடுவில் கைகூப்பியபடி ஹேமநாதன், கரையான்சாவடியில் ஆபீஸ் போட்டு மனை விற்கிறவர். அவர் காலடியில் காட்டுப்பாக்கம் மனைகளின் விவரமும் போன் நம்பரும். கர்த்தர் வருகிறார் வருகிறார் என்று வாரம் ஒரு மெழுகுவத்தியாக ஏற்றிக் காத்திருக்கிற சபைக்கு, கடைசியில் வந்து சேர்ந்தது யார் என்று பாருங்கள்.

இதில் ஷோபனாவுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வந்ததே! அவள் கணவர் ஜேம்ஸ் ஆவடி தொழிற்சாலைக்காரர். போன மார்ச்சில் ஒருநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்பி, ஷூ லேஸ் கட்டக் குனிந்த மனுஷன் நிமிரவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. அவளுக்கென்று மிச்சமிருந்தது சபையின் பாட்டுக் குழுவான கொயரில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் இரண்டாவது இடம், இருபத்திரண்டு வருஷமாக அவள் நிற்கிற இடம். கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையில் அங்கே நின்று, நாலு குரலில் ஒரு குரலாகப் பாடிவிட்டால் போதும், இந்தப் பாழாய்ப்போன வருஷத்தைத் தாண்டிவிடலாம் என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

அதற்குத்தான் வேட்டு வைத்தாள் ஜாஸ்மின். சபைச் செயலர் பால்ராஜின் மனைவி. கொயருக்கு ஒரே மாதிரிப் புடவை எடுக்கிற பொறுப்பு அவளுடையது. புடவை எடுக்கிறவள் கையில்தான் ஆள் எடுக்கிறதும் இருந்தது.

"இந்த வருஷம் மெரூன் எடுக்கறோம் ஷோபனா. உனக்குத்தான்... துக்க வருஷம் பாரு. ஆல்டர் பீடத்துப் பக்கத்துல கலரா கட்டிக்கினு நின்னா ஜனங்க ஒரு மாதிரி பேசுவாங்க. இந்த ஒரு தடவை கீழ உக்காந்துக்கோயேன்."

"யாரு அக்கா பேசுவாங்க?"

"பேசுவாங்கம்மா. பைபிள்ல இல்லதான். ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

ஈஸ்டருக்கு 'மரணமே, உன் கூர் எங்கே' என்று தொண்டை கிழியப் பாடின அதே வாய். ஷோபனா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். லிப்ஸ்டிக் பல்லில் ஒட்டியிருந்தது. அதைச் சொல்லக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பால்ராஜ் அவளைப் பீடத்துக்குப் பக்கத்து அறையான வெஸ்ட்ரிக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு நீளமான பட்டியல். பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டே வந்தார்.

"வாம்மா. ஒரு சின்ன உதவி. எப்படிப் போட்டுப் பாத்தாலும் நாற்பத்தெட்டுதான் தேறுது. ஐம்பதுன்னு ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சு. ஹேமநாதன் சாரும் ஐம்பது புடவையை இறக்கிட்டாரு. நீயும் வந்து ஒண்ணு வாங்கிக்கோ."

"எனக்கு எதுக்குண்ணே? எனக்கு பென்ஷன் வருது. இல்லாதவங்களுக்குக் குடுங்க."

"புடவைக்கு யாரும்மா அழுதா? எண்ணிக்கைக்குச் சொல்றேன்."

சந்தையில் மாங்காய் பொறுக்குகிற மாதிரி ஒரு பேச்சு! இந்தச் சபைக்கு விதவைப் பஞ்சம் வந்துவிட்டதாம். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பால்ராஜ் குரலைத் தாழ்த்தினார்.

"இரும்மா. கொயர் விஷயம் என் காதுக்கும் வந்துச்சு. அடுத்த ஞாயிறு நீ முன்னாடி வந்து புடவையை வாங்கிட்டுப் போ. ஜாஸ்மின்கிட்ட நான் பேசறேன். கிறிஸ்துமஸுக்கு உன் இடத்துல நீ நில்லு. ஜனங்க பேச்சை நான் பாத்துக்கறேன்."

அப்படியென்றால் ஜனங்களின் பேச்சை நிறுத்துகிற சுவிட்சு இவர் சட்டைப்பையில்தான் இருந்திருக்கிறது. 'நீங்களும் உங்க புடவையும்' என்று சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் ஆல்டோ வரிசையில் அந்த இடைவெளி கண்முன் வந்து நின்றது. "சரிண்ணே" என்றாள். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாய் கொப்பளித்தாள். தன் வாயே தனக்கு நாறினது போல இருந்தது.

நான்காவது ஞாயிறு வந்தது. நான்காவது மெழுகுவத்தியை ஏற்றினார்கள். ஹேமநாதனுக்கு வேறு விழா இருக்கிறதென்று ஆயர் பிரசங்கத்தைப் பத்தே நிமிஷத்தில் சுருட்டினார். பக்கச் சுவரை ஒட்டி ஐம்பது பெண்கள் டோக்கனோடு வரிசையில் நின்றார்கள். ஆல்டருக்கு முன்னால் ஹேமநாதன், அவருக்கு வலப்பக்கம் மைக்கோடு பால்ராஜ். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் வேறு. புருஷன் செத்ததற்குக் கைதட்டுகிற கண்றாவியை வேறெங்கே பார்க்க முடியும்?

எட்டாவதாகப் போன கிழவி புடவையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். போட்டோக்காரருக்குப் படம் விழவில்லை. "பாட்டி, பாட்டி, இன்னொரு வாட்டி!" ஜாஸ்மின் ஓடிவந்து கிழவியின் கையிலிருந்து புடவையைப் பிடுங்கி ஹேமநாதனிடம் கொடுத்தாள். ஹேமநாதன் மறுபடியும் கொடுத்தார். "சிரிங்க பாட்டி." கிழவி பயந்துபோய்ச் சிரித்தாள். ஷோபனா பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு முன்னால், சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தவள் லேசாகத் திரும்பினாள். அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது.

நாற்பத்தொன்பதாவது டோக்கனோடு நின்றவள் பார்வதம். கோயிலைப் பெருக்கி, ஆல்டர் துணி துவைக்கிறவள். அவள் புருஷன் வரதன்தான் இந்தக் கோயில் மணியை முப்பது வருஷம் அடித்தவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறார். போன வெள்ளிக்கிழமைகூட ஷோபனா இட்லி எடுத்துக்கொண்டு போய் ஊட்டிவிட்டு வந்தாள்.

"பார்வதக்கா! நீ எதுக்கு இங்க நிக்கற?"

"ஜாஸ்மினம்மா நிக்கச் சொன்னாங்க கண்ணு. ஒரு ஆளு கொறையுதாம். நிக்காட்டி வேலைக்கு வேற ஆளப் போட்டுடுவாங்களோன்னு பயமா கீது."

"வரதண்ணனுக்குத் தெரியுமா?"

"அவுராண்ட இன்னான்னு சொல்றது? உன்ன சாவடிச்சுட்டு ஒரு பொடவ வாங்கிகினு வரேன்னா?"

ஷோபனா பதில் சொல்வதற்குள் ஜாஸ்மின் வந்துவிட்டாள். பார்வதத்தின் கழுத்தைப் பார்த்தாள். இரண்டு விரலால் தாலிக்கயிற்றைத் தூக்கி ரவிக்கைக்குள் திணித்தாள், குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிற லாகவத்தோடு. "போட்டோல தெரியும்மா. ரெண்டே நிமிஷம். கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பாரு" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். பார்வதம் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பெயரை மைக்கில் சொன்னார்கள். அவளும் போனாள், வாங்கினாள், கைதட்டினார்கள்.

"நிறைவாக, ஐம்பதாவதாக, நமது கொயர் சகோதரி ஷோபனா!"

ஷோபனா போனாள். ஹேமநாதன் புடவையை நீட்டினார். அவள் கை அதற்குப் போகவில்லை, பால்ராஜின் மைக்குக்குப் போனது. கர்த்தருக்கு நன்றியாக ஏதோ சாட்சி சொல்லப் போகிறாள் என்று நினைத்து அவரும் விட்டுவிட்டார்.

"வரதண்ணன் உயிரோட இருக்காரு" என்றாள். "நாலு தெரு தள்ளிப் படுத்திருக்காரு. ரெண்டு வருஷத்துல இந்தக் கமிட்டில ஒருத்தர் போய் எட்டிப் பாக்கல. இன்னிக்கு எண்ணிக்கைக்காக அவரைக் கொன்னு, அவர் பொண்டாட்டி தாலியை உள்ள தள்ளி நிக்க வெச்சிருக்கீங்க. உங்களுக்கு ஐம்பது வேணும்னா செங்கல்லை எண்ணுங்க, எங்களை எண்ணாதீங்க. த்தூ! எனக்கு வாந்தி வருது."

ஹேமநாதன் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றார். பால்ராஜ் மைக்கைப் பிடுங்கினார். ஆயர் அவசரமாக எழுந்து, "நாம் ஜெபிப்போம்" என்றார். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். கண்ணை மூடிக்கொள்ள இவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

பார்வதம் மட்டும் மூடவில்லை. தாலியை வெளியே எடுத்துப் புடவைமேல் போட்டுக்கொண்டு, கிடைத்த புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். ஷோபனாவைத் தாண்டும்போது, "பொடவயத் திருப்பிக் குடுக்க மாட்டேன், சொல்லிட்டேன். அவுரு படுக்கைக்கு விரிக்க ஆவும்" என்றாள். ஷோபனா அவள் பின்னாலேயே வெளியே வந்தாள். கொயர் போச்சு, அது தெரிந்துதான் இருந்தது.

சாயங்காலம் சபையின் வாட்ஸாப் குழுவில் படங்கள் வரிசையாக விழுந்தன. கடைசிப் படத்தில் ஷோபனா மைக்கைப் பிடித்திருக்கிறாள், கண் கலங்கியிருக்கிறது, பக்கத்தில் ஹேமநாதன் புடவையை நீட்டிக்கொண்டிருக்கிறார். கீழே பால்ராஜின் கைவண்ணம்: 'ஐம்பது தாய்மார்கள் சார்பில் கண்ணீர் மல்க நன்றி கூறுகிறார் சகோதரி ஷோபனா.' அதற்குக் கீழே ஆமென், ஸ்தோத்திரம், ஆமென். போட்டவர்களில் பாதிப் பேர் காலையில் அவள் பேசியதைக் காதால் கேட்டவர்கள். இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் இதயம் போட்டிருந்தாள்.

ஏழு மணிக்குப் பால்ராஜே போன் செய்தார். குரலில் பாகு ஒழுகியது.

"ஷோபனா, ஏதோ கோபத்துல பேசிட்ட. நான் மனசுல வெச்சுக்கலம்மா. ஆல்டோவுல உன்ன விட்டா தாங்கறதுக்கு ஆளே இல்லன்னு கொயர் மாஸ்டர் சொல்றாரு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு நாலரைக்கே வந்துடு. ஜாஸ்மின் உனக்கும் மெரூன் எடுத்து வெச்சிருக்கா."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை நாளாக ஏங்கினது கைக்கே வந்துவிட்டது. 'சரிண்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவும் ஆசையாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அந்தப் போட்டோவ எடுத்துடுங்கண்ணே. நான் வரேன்."

"அது எப்படிம்மா? இருக்கறதுலயே அதுதான் நல்லா வந்திருக்கு. சாருக்கு அனுப்பியாச்சு, அவரு ஃப்ரேம் போடச் சொல்லிட்டாரு."

"அப்ப உங்க ஆல்டோவையும் அந்தப் போட்டோவே பாடட்டும்."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஜேம்ஸை அடக்கம் பண்ணின அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.