இடப்பக்கம் திரும்பி

"ஸ்ரீஹரிகோட்டாவுல ஸ்டோர் கிளார்க் வேல. ஆர்டர் வந்துடுச்சி. போலாமா சௌந்தரி?" என்று ஏசுரத்தினம் கேட்டார்.

"அந்த மணல்ல கொசுக்கடி வாங்கிக்கினு கெடக்கவா? வேணும்னா நீங்க போங்க. நா புத்தூர உட்டு வரமாட்டேன்."

"சரி, உன் இஷ்டம்" என்று வலப்பக்கமிருந்த சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அது எழுபத்தொன்றில். அவர் போகவில்லை. மிஷன் பள்ளியின் பழைய குமாஸ்தா நாற்காலியிலேயே இருந்துவிட்டார். குத்திக்காட்டியதுமில்லை. ஞாயிறுதோறும் மனைவியோடு சர்ச்சுக்கு வந்தார், காய்கறி வாங்கிப் போட்டார். ராக்கெட் கிளம்பிய செய்தி ரேடியோவில் வந்தால் மட்டும் எழுந்துபோய்க் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். அந்த இரவுக்குப் பின் அவளிடம் எதையும் கேட்டதில்லை. பதினேழு வருஷமாகச் சுவரைப் பார்த்தே படுக்கிறார். அந்த முதுகிடம் ஞானசௌந்தரி ஒன்று கேட்க நினைத்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

இப்போது பள்ளி மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்குகிறது. புத்தூர் டாக்டர் எக்கோ எடுக்கச் சொல்லித் திருப்பதிக்கு அனுப்பியிருந்தார்.

ஊசி இல்லை, வலி இல்லை என்று நர்ஸ் கங்கம்மாள் தெலுங்கில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் சொன்னாள். சட்டையைக் கழற்றிப் படுக்க வேண்டும். நெஞ்சில் ஜெல்லி தடவி, ஒரு கருவியை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். அரைமணி நேரம் ஆகும்.

"காலைல ரெண்டு இட்லி துன்னுட்டேனேம்மா."

"நாலு துன்னாலும் ஒண்ணும் ஆவாதுய்யா. வயித்தயா பாக்கப் போறோம்?"

விளக்கை அணைத்தார்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்ன டாக்டர், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கையை வளைத்துக் கருவியை வைத்தார். ஜெல்லி பட்டதும் ஏசுரத்தினத்தின் தோள் சிலிர்த்தது. கட்டிலின் இடப்பக்கம்தான் ஞானசௌந்தரி நின்றிருந்தாள்.

திரையின் வெளிச்சத்தில் அவர் முகம் இவளுக்கு நேரே இருந்தது. தலையணையில் கிடக்கும் அந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம். புருவம்கூட நரைத்துவிட்டது. எப்போது நரைத்தது?

"மூச்ச வெளிய உட்டு அப்படியே நிறுத்துங்க" என்றார் டாக்டர். ஏசுரத்தினம் நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். திரையில் அவர் இதயத்தின் மெல்லிய இதழ் ஒன்று திறந்தது, பாதி மூடியது, மறுபடி திறந்தது. டாக்டர் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"ம், உடுங்க."

இருவரும் மூச்சு விட்டார்கள். அவள் குனிந்தாள்.

"என்னாங்க, அன்னிக்கி நா சொன்னது தப்பு. வீட்லயும் இந்தப் பக்கமே திரும்பிப் படுங்க."