கேட்டால் கையைத் தூக்கு

விடியற்காலை ஐந்து மணிக்கே பட்டறையில் நனைந்த நாயின் நாற்றம் அடித்தது. மைக்குகளைக் காற்றிலிருந்து காக்கப் போர்த்தும் ரோம உறைகள் பதினான்கும் முந்தின நாள் மழையில் ஊறி வந்திருந்தன. டோன்கா ஒவ்வொன்றாகப் பிழிந்தாள், நாய்க்கு வாரும் சீப்பால் சேற்றை வாரி எடுத்தாள், கம்பிக்கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டாள். அப்புறம் கேபிள்கள். நாற்பது கேபிள்களையும் ஈரத்துணிக்குள் விட்டு உருவி, முறுக்கு விழாமல் ஒரு சுற்று மேலே, ஒரு சுற்று கீழே என்று சுருட்டினாள். நடிகர்களின் சட்டைக்குள் ஒட்டியிருந்த குண்டுமணி மைக்குகளில் வியர்வையும் முகப்பூச்சும் அப்பிக் கிடந்தன. அவற்றைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, ஸ்பிரிட் பட்டு அவள் விரல்நுனிகள் வெடித்திருந்தன. வெடிப்பில் மறுபடி ஸ்பிரிட் படும்போது உயிர் போகும். அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

சோபியா நகரத்தின் தெற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் ஒரு பழைய நூற்பாலைக் கொட்டகையில் இருந்தது அந்தப் பட்டறை. சினிமாக்காரர்களுக்கு ஒலிப்பதிவுச் சாமான்களை வாடகைக்கு விடும் கம்பெனி. முதலாளி வெலிஸார். சாமான்களைப் பழுது பார்ப்பது டோன்கா, இருபத்திரண்டு வருஷமாக. பழுது பார்த்த ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைச் சீட்டைக் கட்டி அதில் கையெழுத்துப் போடுவாள். அந்தச் சீட்டு இருந்தால் உலகத்தின் எந்தக் குழுவும் யோசிக்காமல் எடுத்து மாட்டிக்கொள்ளும்.

சீட்டுக் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு, அதற்கு இரண்டு பேர் வேண்டும். காதுக்குச் சேதி சொல்லும் ரிசீவர் பெட்டி என்றால், ஒருவர் அதை இடுப்பில் மாட்டிக் காதில் இயர்போனைப் பொருத்திக்கொண்டு முற்றத்தில் நடப்பார். இன்னொருவர் மேசையிலிருந்து மைக்கில் எண்களைச் சொல்லுவார். கேட்கிற வரைக்கும் நடப்பவர் கையைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், கேட்காமல் போனால் இறக்க வேண்டும். தலையாட்டினால் ஆகாதா என்றால், ஆகாது. எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம். வந்திருந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு ஒருநாள் முழுக்க நல்ல பெட்டிகளை உடைத்துப் பார்த்தான். அன்றிலிருந்து கைதான்.

நடப்பவர் லூபென். பத்து வருஷம் அவள் எண்ணினாள், அவன் நடந்தான். போன வசந்தத்தில் வெலிஸார் கணக்குப் போட்டுப் பார்த்து, பழுது பார்க்கும் பெஞ்சுக்கு ஒரு ஆள் போதும் என்று முடிவு கட்டினான். லூபெனைப் படப்பிடிப்புக்கு அனுப்பி, நீளக் கழியில் மைக்கைத் தூக்கிப் பிடிக்கிற வேலையைக் கொடுத்தான். சம்பளம் அதேதான், பொழுது மட்டும் இரட்டிப்பு.

அந்த வியாழக்கிழமை ஆறு மணிக்கு வெலிஸார் காபிக் கோப்பையும் கையுமாக வந்தான்.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"ஆறு ரிசீவர் பாக்கி முதலாளி. இதுல ஒண்ணு கரகரங்குது. சாக்கெட்டக் கழட்டி உள்ள பத்தவெச்ச ஈயம் விட்டுப்போயிருக்கான்னு பாக்கணும். ஒரு மணி நேரம் குடுங்க."

"ஏழு மணிக்கு வண்டி கெளம்பணும். மருந்த அடி, மூடு, சீட்டக் கட்டு."

"அடிச்சா இன்னைக்குத் தாங்கும். தாங்காமலும் போகலாம். நடந்து பாக்கவும் ஆள் இல்ல."

"முற்றத்துல நடக்கறதுக்கு நான் ஒருத்தனுக்குச் சம்பளம் குடுக்கணுமாக்கும்! உன் காது என்ன லேசுப்பட்ட காதா? ஊருக்கே தெரிஞ்ச காதாச்சே டோன்கா."

அந்தப் புகழ்ச்சி அவளுக்குப் பிடித்திருந்தது. பிற்பாடு எல்லாவற்றையும்விட அதை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் கூசியது.

அழுக்கைக் கரைக்கும் தெளிப்பு மருந்தைச் சாக்கெட்டுக்குள் அடித்தாள். ஹெட்போன் பிளக்கைச் செருகி ஆறு தடவை திருகினாள். கரகரப்பு அடங்கியது. மேசைமேல் படுக்கப் போட்டுக் கேட்டாள், சுத்தமாக இருந்தது. பச்சைச் சீட்டைக் கட்டிக் கையெழுத்துப் போட்டாள். சாமான் கொடுக்கும் ஜன்னலில் நிற்கும் பேன்கா அதை வாங்கிப் பெட்டியில் அடுக்கினாள், டிரைவர் அசென் வண்டியை எடுத்தான்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கல்குவாரியில் அது நடந்தது. நடிகர்கள் முன்னால் வர வர, லூபென் கழியைத் தலைக்குமேல் ஏந்திப் பின்னோக்கி நடக்க வேண்டும். பார்வை மைக்கில், காது மூடின ஹெட்போனில். பின்னால் என்ன இருக்கிறது என்று அவனுக்குச் சொல்வது ஒலிப்பதிவாளரின் குரல் ஒன்றுதான். பதினோராவது அடியில் ஒலிப்பதிவாளர், "நில்லு, பள்ளம்!" என்றார். மூன்று தரம் சொன்னார். பெட்டி அவன் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. லூபென் காதில் ஒன்றும் விழவில்லை. நாலு மீட்டர் ஆழத்தில் கல்மேல் விழுந்து அவனுடைய தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

அசென்தான் அதை வந்து சொன்னான். டோன்கா அப்போது கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பெட்டி என்று அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வெலிஸார் அவளை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினான். கருவி முழுதாகச் சோதிக்கப்பட்டு நல்ல நிலையில் அனுப்பப்பட்டது, ஊழியர் லூபென் தன் கவனக்குறைவால் ஒலியளவைக் குறைத்து வைத்திருந்தார் என்று அச்சடித்திருந்தது.

"திங்கக்கெழம பத்து மணிக்குத் தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வர்றாரு. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுடு."

"அவன் குறைக்கல முதலாளி."

"நீ கூட நின்னு பாத்தியா?"

"சாக்கெட் விட்டிருந்துச்சு. உங்ககிட்ட சொன்னேன்."

"எங்கிட்ட ஆயிரம் பேரு ஆயிரம் சொல்றாங்க. பச்சைச் சீட்டுல யாரு கையெழுத்து இருக்கு? என்னோடதா?" அவன் குரலை உயர்த்தவே இல்லை. "உன்னக் காப்பாத்தத்தான் இந்தத் தாளே. லூபென நான் விட்டுடுவேனா? ஆஸ்பத்திரிக்கு ஒரு கூடை ஆரஞ்சு அனுப்பியிருக்கேன்."

இது வேலையில் நேர்ந்த விபத்து என்று பதிவானால்தான் லூபெனுக்கு மருத்துவச் செலவும் படுத்திருக்கும் காலத்துக்குச் சம்பளமும் கிடைக்கும். அவன் தப்பு என்றாகிவிட்டால் எலும்பு கூடுவதற்குள் வேலை போய்விடும். ஆரஞ்சு மட்டும் மிஞ்சும். டோன்காவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் தாளை மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். முடியாது என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஏனென்றால் சீட்டில் இருந்தது அவள் கையெழுத்துதான். இரண்டு நாள் அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலாடைக்கட்டி வைத்த பனிட்சாப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். லூபெனின் கால் கம்பிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் ஆரஞ்சுக் கூடை, ஒன்றுகூட உரிக்கப்படாமல்.

"வா அக்கா. எண்ணு, காலத் தூக்கியே வெச்சிருக்கேன் பாரு" என்றான்.

அவளால் சிரிக்க முடியவில்லை. "லூபென், அந்தப் பெட்டிய நான் கழட்டல. மருந்தடிச்சு அனுப்பிட்டேன்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பத்து வருஷம் உன் பக்கத்துல உக்காந்து மோந்திருக்கேன். இடுப்புல மாட்டும்போதே மருந்து வாசனை வந்துச்சு." அவன் கூரையைப் பார்த்தான். "தெரிஞ்சுதான் மாட்டிக்கிட்டேன். அக்கா அடிச்சிருக்கா, ஒருநாள் தாங்கும்னு நெனச்சேன். வேற பெட்டி கேட்டா, படப்பிடிப்ப நிறுத்தினவன்னு பேரு வரும். அந்தப் பயம் வேற."

டோன்கா அழுதாள். அவன் தடுக்கவில்லை.

"என்ன மன்னிச்சுடு."

"இப்ப முடியாது. ராத்திரியெல்லாம் கொல்லுது கால். பொறவு பாக்கலாம்." பனிட்சாவை எடுத்து ஒரு கடி கடித்தான். "ஆனா ஒண்ணு. முதலாளி ஏதாவது தாள் குடுத்திருப்பானே?"

அவள் தாளைக் காட்டினாள். அவன் நிதானமாகப் படித்தான்.

"இதுல கையெழுத்துப் போட்டா, நாளைக்கு இன்னொருத்தன் இடுப்புல இதே பெட்டி தொங்கும். நீதான் அதுக்கும் சீட்டுக் கட்டுவ. அதுக்கப்புறம் உன்னால தூங்க முடியுமான்னு பாத்துக்கோ."

திங்கட்கிழமை விடியற்காலை. ஏழு மணி வண்டிக்கு ஆறு ரிசீவர்கள் போக வேண்டும். டோன்கா ஆறையும் துடைத்து, பேட்டரி மாற்றி, மேசையில் வரிசையாக வைத்தாள். பச்சைச் சீட்டுகளை எடுக்கவில்லை. ஜன்னலுக்குப் போய்ப் பேன்காவிடம், "நடக்கறதுக்கு ஆள் வேணும்" என்றாள்.

பேன்கா வாயாடி. அன்றைக்குக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னைக்கு நீ நீட்டினப்போ எனக்கும் வாசனை வந்துச்சு" என்றாள். "வாய மூடிட்டு பெட்டியில வெச்சேன். உன்மேலதானே பழி வரும்னு இருந்தேன். நாலு நாளா என் மூஞ்சிய எனக்கே கண்ணாடியில பாக்கப் பிடிக்கல." ரிசீவரை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டாள். அவளே போய் அசெனையும், இன்னொரு டிரைவரையும், கேபிள் கழுவும் மூன்று பெண்களையும் இழுத்து வந்தாள்.

ஆறு பேர் முற்றத்தில் நின்றார்கள். தரையில் இன்னும் பனி. ஆறு பேர் காதிலும் இயர்போன். டோன்கா மேசை மைக்கின் முன் உட்கார்ந்து, "கேட்டா கையத் தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். ஆறு கைகள் உயர்ந்தன. நடக்க ஆரம்பித்தார்கள்.

பன்னிரண்டு வரைக்கும் எண்ணினாள். அதற்குமேல் அவளுக்கு எண் வரவில்லை.

"நான் டோன்கா பேசறேன்" என்றாள் மெதுவாக. "லூபென் மாட்டியிருந்த பெட்டி கெட்டிருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். முதலாளி மருந்தடிக்கச் சொன்னாரு. அடிச்சேன். சோதிக்காமலே கையெழுத்துப் போட்டேன். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர்கிட்ட இத அப்படியே எழுதிக் குடுக்கப் போறேன். என் வேல போகலாம். இனிமே ரெண்டு ஆள் சேந்து சோதிச்சுப் பாக்காம ஒரு சாமானுக்கும் நான் சீட்டுக் கட்டமாட்டேன். தனியா சொன்னா என்னக் கிறுக்கின்னு தொரத்திடுவான். கூட நிக்கறவங்க..."

கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வெலிஸார் முற்றத்துக்குள் வந்தான். தன் ஆட்கள் ஆறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு வாயிற்கதவை நோக்கி நடப்பதைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என்ன நடக்குது இங்க? வண்டி ஏத்தலியா? எதுக்குக் கையத் தூக்கிட்டுத் திரியறாங்க?"

"சோதனை முதலாளி" என்றாள் டோன்கா.

"யாரக் கேட்டு? மணி ஆறே முக்கால்! அசென், வண்டிய எடு!"

அசென் அப்போது வாயிற்கதவுக்குப் பக்கத்தில் இருந்தான். அவனுடைய கை கீழே இறங்கியது.

டோன்கா அதைப் பார்த்தாள். அவனுக்கு மூன்று பிள்ளைகள், வீட்டு வாடகை பாக்கி. அவனை எப்படிக் குற்றம் சொல்வது? வெலிஸார் ஜெயித்துவிட்ட முகத்தோடு கோட்டுப் பொத்தானைத் திருகினான். அசென் திரும்பி முற்றத்தைக் கடந்து வந்தான். வண்டியைத் தாண்டி, முதலாளியையும் தாண்டி மேசைக்கு வந்து, இடுப்பிலிருந்த ரிசீவரைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

"விட்டு விட்டுக் கேக்குதுக்கா. மருந்தடிச்சேன்னது கேட்டுச்சு, கூட நிக்கறவங்கன்னது கேட்டுச்சு. நடுவுல பாதி கேக்கல. மறுபடி சொல்லு."

டோன்கா திருப்புளியை எடுத்தாள். நாலு திருகுகளையும் கழற்றினாள், மூடியைத் திறந்தாள். சாக்கெட்டின் காலடியில் ஈயம் மயிரிழை அளவுக்கு வெடித்திருந்தது. லூபெனின் பெட்டியிலும் இதுதான் இருந்திருக்கும்.

"பேட்டரி போயிருக்கும்" என்றான் வெலிஸார். "மூடி அனுப்பு."

"கிட்ட வந்து பாருங்க முதலாளி. ஈயம் விட்டிருக்கு."

அவன் வரவில்லை. மற்ற ஐந்து பேரும் கையை இறக்காமலேயே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பேன்கா முன்னால் வந்தாள்.

டோன்கா மைக்கின் விசையை அணைத்தாள்.  ஏப்ரன் பையிலிருந்த தாளை எடுத்து, கையெழுத்தில்லாமலே அவன் பக்கம் நகர்த்தினாள். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அசெனுக்குப் பாதி கேக்கலியாம்" என்றாள் வெலிஸாரைப் பார்த்து, முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "அதனால முதல்லேருந்து சொல்றேன். நீங்களும் கேளுங்க முதலாளி. லூபென் மாட்டியிருந்த பெட்டி கெட்டிருந்துச்சு. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

கருவி எதுவும் இல்லாமல், வெறும் காதால் கேட்டுக்கொண்டே, அசென் கையைத் தூக்கினான்.