செம்பவாங்குக்குப் போகாத நாள்

முத்தாயியின் முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தபோது, சிராங்கூன் சாலையில் வாங்கித் தின்ற ரோஜாக் என்ற பழக்கலவையில் கிடந்த அன்னாசித் துண்டுதான் காரணம் என்று தீர்ப்பானது. இரண்டாவது கலைந்ததற்குக் காரணம், தெருக்குழாயிலிருந்து மாடிக்குத் தூக்கிய தண்ணீர் வாளி. தீர்ப்பு சொன்னவள் அடுத்த அறை ரத்தினம்மா. அவள் தன் ஏழு பிள்ளைகளையும் வாளி சுமந்துகொண்டேதான் பெற்றாள். நரம்பில்லாத நாக்குக்கு அதெல்லாம் நினைவிருக்குமா?

மூன்றாவது, 1958இல் தரித்தது. இந்தமுறை முத்தாயி அன்னாசி, பப்பாளி பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கோப்பியை விட்டாள். படி இறங்கவில்லை. கணவன் துரைசாமி துறைமுக வேலைக்குப் போகுமுன் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போனான். நாலாம் மாதம் தொடங்கியது. பாவி மகள், இருமக்கூடப் பயந்தாள்.

அப்போதுதான் செம்பவாங்கிலிருந்து ஆள் வந்தது. அவளுடைய அம்மா அன்னம்மா விடியற்காலையில் போய்விட்டாள்.

"கெளம்பு, டாக்சி பிடிக்கிறேன். மொகத்த மட்டும் பாத்துட்டு வந்துடலாம்" என்றான் துரைசாமி.

"வயித்துப்புள்ளக்காரி சாவு வீட்டுக்குப் போறதா? அப்புறம் இதுவும் தங்காது லா" என்றாள் வாசலில் நின்ற ரத்தினம்மா.

முத்தாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நீங்க போங்க. அம்மா கோவிச்சுக்காது. பேரப்புள்ளைக்காகத்தான?"

ஒரே மகள் வாய்க்கரிசி போடாமலே அன்னம்மா போய்ச் சேர்ந்தாள். அழுதால் கருவுக்கு ஆகாது என்று முத்தாயி அழவும் இல்லை.

அதிலிருந்து பதினோராம் நாள் இரத்தம் கண்டது. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்தபிறகு, தாதி பிலோமினம்மாளிடம் முத்தாயி கேட்டாள்: "நான் என்ன தப்பு பண்ணேன் மிஸ்ஸி?" முதல் இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணங்களையும், இந்தமுறை இருந்த பத்தியம் ஒவ்வொன்றையும் ஒப்பித்தாள்.

"ஒன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. சில கரு தங்காது. ஏன்னு டாக்டருக்கே தெரியாது. அன்னாசித் துண்டாலயும் இல்ல, வாளி தூக்குனதாலயும் இல்ல."

துரைசாமிக்கு அந்தச் சொல் பெரிய ஆறுதலாக இருந்தது. முத்தாயி தாதியின் கையைப் பிடித்தாள்.

"அப்போ அன்னிக்கு எங்கம்மா மொகத்தப் பாத்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதா, மிஸ்ஸி?"

பிலோமினம்மாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆயிருக்காதும்மா."

அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் உடைந்தது. "அடுத்தது தங்கும் முத்தாயி, அழாத" என்று துரைசாமி அவள் தலையைத் தடவினான். அவள் பிள்ளைக்காக அழவில்லை.