ஸ்ட்ரௌப் வீட்டு மரப்பிள்ளை

1926ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஸ்ட்ரௌப் வீட்டு மரப்பையனின் கால்சட்டை ஒன்றரை அங்குலம் குட்டையாகிவிட்டது. அதே வாரம் முட்டை டஜனுக்கு நான்கு சென்ட் ஏறியதால் கேலன்ஸ்பர்க் ஊர் முட்டையைப் பற்றித்தான் பேசியது. எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதில் எங்கள் ஊருக்கு எப்போதுமே ஒரு தெளிவு உண்டு. ஹெட்டி ஸ்ட்ரௌப் மட்டும் அளவு நாடாவை இரண்டு முறை வைத்துப் பார்த்தாள். துணி சுருங்கவில்லை என்று தெரிந்ததும் மடித்துத் தைத்திருந்த விளிம்பைப் பிரித்து இறக்கிவிட்டாள்.

அவள் கணவர் வெண்டல் உதட்டை அசைக்காமல் பொம்மையைப் பேசவைக்கும் வித்தைக்காரர். ஓஹையோ முதல் அயோவா வரை ரயில் நின்ற ஊரிலெல்லாம் மேடை ஏறியவர். அந்தத் தொழிலின் வரலாறு முழுக்க அவருக்கு மனப்பாடம், கேட்காதவர்களுக்கும் சொல்வார். ஆதியில் வயிற்றிலிருந்து பேசுகிறவனைப் பேய் பிடித்தவன் என்று அடித்தார்கள். பிறகு அதே பேயைப் பார்க்க டிக்கெட் வாங்கினார்கள். அப்போது பொம்மை கிடையாது. வித்தைக்காரன் தனியாக நின்று, புகைபோக்கிக்குள் மாட்டிக்கொண்ட ஒருவனோடும் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த ஒருவனோடும் வாதாடுவான். அப்புறம் ஆளுயரப் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள், கிழவன், கிழவி, போலீஸ்காரன், குடிகாரன் என்று. கடைசியில் அந்தக் குடும்பமே கலைந்து மடியில் ஒரே ஒரு வாயாடிப் பையன் மிஞ்சினான். கலை வளர்ந்ததல்ல காரணம், ரயில்காரன் சுமைக்கூலியை ஏற்றியதுதான் காரணம் என்பார் வெண்டல்.

அவருடைய பையனின் பெயர் ஜெர்ரி. வெள்ளைப் பைன் மரம். முதுகில் ஓர் ஓட்டை, உள்ளே தலையைத் தாங்கும் கோல், கோலில் வாய்க்கு ஒரு கயிறு, கண்ணுக்கு ஒரு கயிறு. உதட்டை ஒட்டாமல் சொல்லக்கூடிய பெயர் என்பதால் ஜெர்ரி. மனிதப் பிள்ளையின் பெயர் எமில். 1921 மார்ச்சில் பிறந்து, 1925 பிப்ரவரியில், நான்கு வயது நிறைய இருபது நாள் இருக்கும்போது, தொண்டை அடைப்பான் நோயில் மூச்சு முட்டி இறந்தான். அடுத்த மாதம் ஆறு பெருகி ரயில் நிலையக் கிடங்கில் தண்ணீர் புகுந்ததில் ஜெர்ரியின் உடுப்புகள் மட்கிப்போயின. மறுநாள் டேட்டனில் ஆட்டம். வெண்டல் யாரையும் கேட்காமல் எமிலின் நீல வெல்வெட் உடுப்பை எடுத்து ஜெர்ரிக்குப் போட்டார். இந்தப் பொம்மைகளை நாலு வயதுப் பிள்ளையின் அளவில்தான் செதுக்குவார்கள், பொத்தான்கூட இழுக்கவில்லை. ஹெட்டி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். பாத்திரம் பறந்து வரும் என்று வெண்டல் தோளைக் குறுக்கிக்கொண்டார். அவளோ கத்தரிக்கோலைக் கொண்டுவந்து, கோட்டின் முதுகில் அவர் கை நுழைகிற அளவுக்குக் கிழித்து, ஓரத்தை மடித்துத் தைத்துக் கொடுத்தாள். பிள்ளை செத்து ஒரு மாதம் ஆன ஒருத்தி அவ்வளவு நேராகத் தையல் போட்டிருக்க முடியாது என்று பின்னால் அந்தக் கோட்டைப் பார்த்த பெண்கள் சொன்னார்கள்.

அதிலிருந்து அவன் வளர்ந்தான். ஆண்டுக்கு இரண்டரை அங்குலம், சில ஆண்டு மூன்று. ஹெட்டி அவனை எமில் என்றே கூப்பிட்டாள். இரவு உணவின்போது அவனுக்கும் நாற்காலி போட்டு, "இன்னிக்கு என்னடா கத்துக்கிட்ட?" என்று கேட்பாள். வெண்டல் இடது கையால் சூப்பைக் குடித்துக்கொண்டு வலது கையை அவன் முதுகில் விட்டுப் பதில் சொல்வார். அம்மா என்ற சொல்தான் கஷ்டம். உதடு ஒட்டாமல் அதைச் சொன்னால் சளி பிடித்த ஆடு கத்துவதுபோல இருக்கும். அதனால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வெண்டல் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, உதட்டை நன்றாக மூடித் திறந்து சொன்னார். அவர் பதினேழு ஆண்டு செய்தித்தாள் வாங்கியதற்கு வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை.

மேடையில் இது உதவவில்லை. நாலு வயதுப் பையன் நகரத் தலைவரின் வழுக்கையைப் பற்றிச் சொன்னால் சபை சிரிக்கும். அதையே பதின்மூன்று வயதுப் பையன் சொன்னால் சபை அவனுடைய அப்பாவைப் பார்க்கும். பெட்டியில் அடங்காமல் போனதால் ரயிலில் நடத்துநர்கள் அரை டிக்கெட் கேட்டார்கள். வெண்டலின் மடி மரத்துப்போய், ஆட்டம் முடிந்ததும் எழுந்திருக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. டொலிடோவில் ஒரு நாடக அரங்க மேலாளர் நேரடியாகவே சொன்னார். "ஸ்ட்ரௌப், இதுல பொம்மை யாருன்னு முதல்ல தீர்மானம் பண்ணிட்டு வாங்க. சனங்க குழம்புறாங்க." இதற்கிடையே பேசும்படம் வந்து அரங்குகளை எல்லாம் வாங்கிவிட்டது. பின்னாளில் வானொலியிலும் பொம்மைக்காரர்களைப் பேசவிட்டார்கள். உதடு அசைகிறதா என்று எவனும் பார்க்க முடியாத இடத்தில் இந்த வித்தை அமோகமாக ஓடியது. வெண்டல் அதைக் கேட்டுவிட்டு மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. பேசியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

1934 அக்டோபரில் அவர் ரம்பம் ஒன்று வாங்கிவந்தார். முழங்காலுக்குக் கீழே ஐந்து அங்குலம், தொடையில் ஐந்து அங்குலம் என்று பென்சிலால் குறித்தும் வைத்துவிட்டார். ஹெட்டி ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு வலிக்காது ஹெட்டி."

"உனக்கு?"

"எனக்கு வயித்துப்பாடு இருக்கு. சந்தையில ஆட ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். சின்னப் பையனா இருந்தா வான்னான்."

"அப்ப அவன்கிட்டயே கேளு. அவன் காலுதானே."

வெண்டல் கையை உள்ளே விட்டார். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, தொழில்முறையில், கேட்டார். சரி என்று பையன் சொன்னான்.

"அதைச் சொன்னது நீ" என்றாள் ஹெட்டி.

"எல்லாத்தையும் நான்தான் சொல்றேன். ஒம்பது வருஷமா நான்தான் சொல்றேன். உனக்குத் தெரியாதா?"

ஹெட்டி சீவிய ஆப்பிளைத் தண்ணீரில் போட்டாள். அது கறுத்துவிடக்கூடாது. "தெரியும்" என்றாள். "ஆனா வளர்றது நீ இல்லையே."

வெண்டல் பென்சில் குறிகளை அழித்தார். ரம்பத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டு, மெயின் தெருச் செருப்புக்கடையில் பெண்களுக்குக் காலணி மாட்டிவிடும் வேலைக்குப் போனார். எமிலுக்குப் பதினைந்து ஆனபோது குரல் உடைய வேண்டுமே என்று ஒருவாரம் கோழிக்கொட்டிலில் போய் உட்கார்ந்து கரகரப்பைப் பழகினார். அந்த வாரம் கோழிகள் முட்டையிடவில்லை. சாப்பாட்டு மேசையில் அந்தப் புதுக்குரல் முதன்முதலாக உப்பைக் கேட்டபோது ஹெட்டி எழுந்து கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள். அன்றுதான் வெண்டல் தன் வாழ்நாளின் மிகச்சிறந்த ஆட்டத்தை ஆடினார் என்று சொல்ல வேண்டும். பார்த்தது ஒரே ஒருத்தி.

1942இல் பையனுக்கு ஐந்தடி பத்து அங்குலம். கோடையில் ராணுவத்துக்கு ஆள் பதியும் உள்ளூர்க் குழுவிலிருந்து இரும்புக்கடை ஆகஸ்ட் ப்ரூனர் வந்தார். தன் இரண்டு மகன்களையும் முதலில் எழுதிவிட்டுத்தான் மற்ற வீடுகளின் கதவைத் தட்டினார் என்பதால் அவரை யாரும் திட்ட முடியவில்லை. அடுப்படி மேசையில் தொப்பியை வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த எமிலைப் பார்த்தார்.

"ஹெட்டி, நான் இருபது வருஷமா இந்தத் தெருவுலதான் இருக்கேன். எனக்கு எல்லாம் தெரியும். ஆனா நான் பாத்ததை எழுத முடியாது, நீ சொல்றதைத்தான் எழுதணும். இது மரம்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் காப்பியைக் குடிச்சிட்டுப் போயிடறேன்."

ஹெட்டி காப்பி ஊற்றினாள்.

"சொல்லு ஹெட்டி" என்றார் வெண்டல். "மரம்தான்னு சொல்லிடு. அவர் போனதும் இல்லைன்னு சொல்லிக்கலாம்."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அடுப்பைத் துடைத்தாள். சொல்லிவிடத்தான் நினைத்தாள்; அந்தச் சொல் வாய்வரை வந்ததைப் பின்னால் அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் பையன் கேட்டுக்கொண்டிருந்தான். கண் ஒருபக்கம் சாய்ந்து, யாருடைய கையும் உள்ளே இல்லாமல், கேட்டுக்கொண்டிருந்தான்.

"எமில் ஸ்ட்ரௌப்" என்றாள். "இருபத்தொண்ணு வயசு. எங்க மகன்."

ப்ரூனர் எழுதினார். காப்பியைக் குடிக்கவில்லை.

கொலம்பஸ் ராணுவ முகாமில் மருத்துவர் அவன் மார்பைத் தட்டிப் பார்த்து, சளி இல்லை என்று எழுதினார். பாதம் தட்டையாக இல்லை, பல் சொத்தையில்லை, நிறக்குருடு இல்லை. ராணுவச் சட்டையின் முதுகை ஹெட்டி கிழித்துத் தைத்து அனுப்பியிருந்ததற்காக, அரசு உடைமையைச் சேதப்படுத்தினான் என்று இரண்டு வாரம் உருளைக்கிழங்கு உரிக்கும் தண்டனை கிடைத்தது. பிறகு அந்தக் கிழிசலின் பயன் தெரிந்ததும் சார்ஜெண்டு தன் கையை விட்டுக்கொண்டார். அதன்பின் எமில் மேலதிகாரி சொன்னதையே மேலதிகாரியின் குரலில் பேசினான். மற்ற சிப்பாய்களிலிருந்து அவனை இதில் வேறுபடுத்திப் பார்க்க முடியவில்லை என்று சார்ஜெண்டே வீட்டுக்கு எழுதினார். நல்ல பையன், குறை சொல்லாதவன் என்றும் எழுதியிருந்தார்.

1943 பிப்ரவரியில் வட அட்லாண்டிக்கில் அவன் போன கப்பலை நீர்மூழ்கி உடைத்தது. மற்ற குடும்பங்களுக்கு இறந்தார் என்று தந்தி வந்தது; ப்ரூனர் வீட்டுக்கு ஒன்றுக்கு இரண்டாக வந்தது. ஸ்ட்ரௌப் வீட்டுக்குக் காணவில்லை என்று வந்தது. எங்கள் ஊர்த் தச்சர் அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, வெள்ளைப் பைன் மூழ்காது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதலால் ஹெட்டி கறுப்பு உடுத்த முடியாமல் போயிற்று, கல்லறையில் கல் நட முடியாமல் போயிற்று, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் இழந்தவர்கள் பக்கம் உட்காருவதா காத்திருப்பவர்கள் பக்கம் உட்காருவதா என்பதுகூடத் தெரியாமல் போயிற்று.

சண்டை முடிந்த மறு ஆண்டு அதே கப்பலில் போன க்ளீட்டஸ் என்று ஒருவன் அலபாமாவிலிருந்து வந்தான். பனியில் ஒரு காதைப் பறிகொடுத்தவன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"அவன் மேல நாங்க நாலு பேர் கெடந்தோம்மா. ரெண்டு நாள். ஒருத்தன் விட்டுட்டான், மூணு பேர் கரையேறினோம். ஒரு வார்த்தை பேசலம்மா அவன். எங்களைத் தாங்கிட்டே இருந்தான்."

"அவன் அப்படித்தான்" என்றாள் ஹெட்டி. "யாராவது கேட்டாதான் பேசுவான்."

"படகு வந்து எங்களைத் தூக்கிச்சு. இடமே இல்ல. இன்னும் ஆள் இருக்கான்னு மேலேந்து ஒருத்தர் கேட்டாரு." க்ளீட்டஸ் தன் காது இருந்த இடத்தைத் தடவினான். "இல்லைங்க, அது மரம்னு நான் சொல்லிட்டேன்."

வெண்டல் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். எந்தக் குரலும் வரவில்லை. ஹெட்டி க்ளீட்டஸைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை, சொல்ல வேண்டிய நேரத்தில் தன்னால் சொல்ல முடியாததை, சொல்லக்கூடாத நேரத்தில் இவன் சொல்லியிருக்கிறான். இவனும் யாரோ ஒருத்தியின் பிள்ளை. ஒரு காதுதான் மிச்சம்.

"சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அவள் சுட்ட ஆப்பிள் பை மூன்று துண்டு சாப்பிட்டான். நான்காவதைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள்.

1947 முதல் கடல் வரைபட அலுவலகம் ஒன்றிலிருந்து ஆண்டுக்கு ஓர் அட்டை வரத் தொடங்கியது. இன்ன டிகிரியில் மிதந்துகொண்டிருப்பவர், ஆண், ஐந்தடி பதினொரு அங்குலம், மல்லாந்த நிலை, கப்பல்கள் விலகிச் செல்லவும் என்று மாலுமிகளுக்குக் கொடுக்கும் அறிவிப்பின் நகல் அது. ஐந்தடி பதினொன்று என்ற இடத்தில் ஹெட்டி விரலை வைத்தாள். வெண்டல் 1949இல் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு ஆண்டும் அவர் பேசியதை யாரும் கேட்டதில்லை, எந்தக் குரலிலும். மூன்று ஆண்டு கழித்து ஹெட்டி அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். உங்கள் கப்பல் ஏதாவது அந்தப் பக்கம் போனால் அவனை ஏற்றிக்கொண்டு வாருங்கள் என்று இரண்டே வரி. மரியாதையான பதில் வந்தது. பொருளானால் எங்கே சேர்க்க வேண்டும் என்ற சீட்டு அதன்மேல் இருக்க வேண்டும், இல்லை. மனிதரானால் அவருடைய சம்மதமில்லாமல் கப்பலில் ஏற்ற முடியாது. மூன்று கப்பல்கள் அருகில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தன. அவர் பதில் சொல்லவில்லை.

ஹெட்டி அதைச் சன்னலருகே கொண்டுபோய் மறுபடி படித்தாள். அவர்கள் சொல்வதில் தவறில்லை. பதில் சொல்ல அவனுக்கு ஒரு கை வேண்டும், அந்தக் கையை அவளே வெள்ளை உறை மாட்டிப் புதைத்தாகிவிட்டது. தன் கையைத் தூக்கி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். அவளுக்கு உதட்டை அசைக்காமல் பேச வராது. எப்போதும் வந்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் யாருக்கும் எழுதவில்லை. அட்டை மட்டும் ஆண்டுதோறும் வந்தது, வந்த மறுநாள் தபால்காரர் வழியாக ஊருக்கே தெரிந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளை விசாரிப்பதுபோல அவனையும் விசாரித்தார்கள். 1958 டிசம்பரில் இறைச்சிக்கடையில் அவள் முறை வந்தபோது கடைக்காரர் கத்தியைத் தீட்டியபடி கேட்டார்.

"பையன் எங்க இருக்கான் இப்ப?"

"நாப்பத்தொம்பது டிகிரி வடக்கு. முப்பத்தொண்ணு மேற்கு."

"அங்க இப்ப நல்ல குளிரா இருக்குமே."

"குளிர்தான்" என்றாள் ஹெட்டி.

"எவ்வளவு போடட்டும்?"

"அரை பவுண்டு போதும். நான் ஒருத்திதானே."