உள்ளூர் டிரைவர்

பைபாஸ் ரோடு வேலைக்கு என்னைப் பொக்லைன் ஓட்ட எடுத்தபோது, சூப்பர்வைசர் இராஜாங்கம் ஓட்டிக் காட்டச் சொல்லவே இல்லை. எந்த ஊர், யார் மகன் என்று மட்டும் கேட்டார். இதே பூதலூர்தான், இளையபெருமாள் மகன் மதிவாணன் என்றேன். மறுநாளே வரச் சொன்னார்.

மாலைக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கிறேன். கோடை விடுமுறைக்குச் சற்று முன்புதான் லைசென்ஸ் வந்திருந்தது. காலையில் ஆயில், ஹோஸ், டயர் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன். அப்படியும் வெட்டிய இடம் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். இறங்கிப் பார்ப்பேன், மறுபடி ஏறிச் சீவுவேன். இராஜாங்கம் ஒன்றும் சொல்வதில்லை. நன்றாக ஓட்டுகிறேன் என்று நம்பவும் முடியவில்லை. பிறகு ஏன் வைத்திருக்கிறார் என்றும் விளங்கவில்லை.

அந்த ரோட்டுக்கு ஓர் ஆட்சியில் கல் நட்டார்கள், அடுத்த ஆட்சியில் நிலத்தை எடுத்தார்கள். அறுப்பு முடியும்வரை வயலில் கை வைப்பதில்லை என்று தாசில்தார் முன்னால் பேச்சு. ஆனால் மே மாதம் ஒரு காலை இராஜாங்கம் வந்து, மழைக்கு முன் மண் அடித்தாக வேண்டும், அடுத்த வயலில் இறங்கு என்றார். அது செவ்வந்தி அத்தையின் வயல். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பண்ணையில் கூலிக்கு நடவு நட்ட குடும்பத்துக்கு உச்சவரம்பு நிலத்தில் பட்டாவாகக் கிடைத்தது. கதிர் பழுத்து, அறுப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

வரப்போரம் பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லோர் கையிலும் ஒரு பிடி மண். மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விட்டால் வம்சத்துக்கே பிடிக்கும் என்பார்கள். எனக்கு முன் இருந்த வெளியூர் டிரைவர் அதற்குப் பயந்தே வேலையை விட்டுப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் யாரும் கையைத் தூக்கவில்லை.

பக்கெட்டை உயர்த்தினேன். அத்தை வண்டியருகே வந்தாள்.

"எறங்கு மருமவனே."

"நான் எறங்கிட்டா வேற ஆளைக் கொண்டாருவாங்க அத்தை."

"கொண்டாரட்டும். அதுக்குத்தான் சொல்றேன். உன்மேல மண்ணு போட்டா அது எங்க அண்ணன் வீட்டுல போய் விழும். எப்புடிப் போடுறது? வெவரமாத்தான் உன்னப் புடிச்சு ஒக்கார வெச்சிருக்கான்."

"புள்ள நல்லாத்தான் ஓட்டுது, நம்ம தலையில" என்றாள் பின்னால் ஒருத்தி.

ஓட்டிக் காட்டச் சொல்லாததன் காரணம் அப்போதுதான் உறைத்தது. வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தி, சாவியை இராஜாங்கத்திடம் கொடுத்தேன். இந்த ஜில்லாவில் இனி உனக்கு யார் வண்டி கொடுக்கிறார்கள் பார்க்கிறேன் என்றார்.

மதியம் சேலத்துக்காரர் ஒருவர் வந்தார். வண்டி வரப்பைத் தொடுவதற்குள் அத்தை முதல் பிடியைத் தூற்றினாள். பிறகு எல்லோரும். கண்ணாடி முழுக்கப் புழுதி. அவர் எஞ்சினை அணைத்தார். தனக்கும் பிள்ளைகுட்டி இருப்பதாக இராஜாங்கத்திடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். அடுத்தவனைத் தேடிப் பிடிப்பதற்குள் அறுத்துவிடலாம் என்றாள் அத்தை.

அவர்களோடு உட்காரவும் முடியவில்லை, வீட்டுக்குப் போகவும் மனமில்லை. வரப்பிலேயே நடந்துகொண்டிருந்தேன். சேலத்துக்காரர் பக்கெட்டைத் தரையில் இறக்காமல் அந்தரத்தில் விட்டுப் போயிருந்தார். அப்படி நிறுத்தவே கூடாது. அதன் அடியில் போகாதீங்க என்று பெண்களிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சொன்னேன்.