எழுநூறு மீட்டர்

...ஆகவே வேட்டைக்காரன் என்பவன் மலையின் மனசாட்சி, என்ற முடிவுக்கு நாம்தார் வந்துசேர்ந்தபோது தொடைக்கடியில் ஒரு முள் ஏறியது, அசைய முடியாது, எதிர்ச் சரிவில் கிடா நிற்கிறது, கொம்பு முதுகுவரை வளைந்த காட்டாட்டுக் கிடா, எழுநூறு மீட்டர், எழுநூறுதான், துபாயிலிருந்து துப்பாக்கிக்கு ஸ்கோப் வந்த நாள் முதலாய்க் கூடாரம் கூடாரமாகப் போய் எழுநூறில் அடிப்பேன் என்று சொல்லியாயிற்று, அதைவிடக் கிட்டே வந்து நிற்க ஒரு கிடாவுக்கு என்ன உரிமை... தூரம் கூடினால் குண்டு தாழும், அதற்கு ஈடாக ஸ்கோப்பின் திருகை ஏற்ற வேண்டும், ஏற்றினான், கிளிக், கிளிக், எழுநூறுக்கான ஏழாம் எண் கோட்டுக்கு நேராக வந்து நின்றது, போன வருஷம் தவறவிட்டதற்கு மாமனார் வீட்டில் சிரித்தார்கள், முதலில் சிரித்தது யார், இதோ பக்கத்தில் படுத்து வால்நட் கொறிக்கிறானே இவன்தான், மனைவியின் தம்பி சியாமக், அஹ்வாஸ் நகரக் கடைத்தெருவில் திரைச்சீலை விற்கிறவன், ஜன்னலைப் பார்த்தே அளவு சொல்வானாம், மலையில் ஏது ஜன்னல்... "கிட்டத்தான் நிக்குது, அத்தான்" என்றான், இவனை யார் கேட்டது?

இந்தத் தடவை கொம்பு வாசலுக்கு மேல் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் குளிர்காலம் முழுக்க அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே தேநீர் குடிக்க வேண்டும்... ஆனாலும் விருந்தாளி விருந்தாளிதானே, வழக்கத்தை விட முடியுமா, துப்பாக்கியை அவன் பக்கம் நகர்த்தி, நீ சுடு மச்சான் என்றான், அவன் மறுக்க வேண்டும், இவன் வற்புறுத்த வேண்டும், அவன் மறுபடி மறுக்க வேண்டும், பிறகு இவன் வேறு வழியில்லாதவன்போலச் சுட வேண்டும், நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள் அப்படித்தான், சாவு வீட்டு வாசலில்கூட நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்று பிணத்தைக் காக்கவைத்த வம்சம்...

"இவ்ளோ சொல்றீங்க, மறுத்தா மரியாதையா இருக்காது" என்று சியாமக் வாங்கிக்கொண்டான்.

வாங்கிக்கொண்டான், ஒரு தடவைகூட மறுக்காமல், இதுதான் நகரம் கற்றுக்கொடுத்தது... நாம்தார் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்க்கிலிருந்து ஊற்றினான், பாதி சட்டையில் போயிற்று, பின்னால் கிளிக் கிளிக் என்று ஏதோ நோண்டுகிற சத்தம், தோட்டா போடத் தெரியவில்லையாக்கும், தவறட்டும், கடவுளே தவறட்டும்... வெடித்தது. கிடா முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. சரி, இருக்கட்டும், விரலை மடக்கியவன் யாராயிருந்தால் என்ன, கணக்குப் போட்டவன் யார், திருகை ஏற்றியவன் யார், மாமனாரிடம் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுநூறு மீட்டர் மாமா, குறி வைத்துக் கொடுத்தது நான், அவன் சும்மா தொட்டான், கொம்பில் பாதியாவது என் பேரில்... சியாமக் துப்பாக்கியைப் பாறையில் வைத்துவிட்டு அதற்குள் பள்ளத்தில் இறங்கியிருந்தான். நாம்தார் அதை எடுத்தான், குழலைத் துடைத்தான், கண்ணாடியைத் துடைத்தான், திருகின் மேலிருந்த தூசியை ஊதினான்.

திருகு நாலில் இருந்தது.