திருகாணி ஓட்டைகள்

வியாழக்கிழமை மாலை நான்கு மணி. வெர்னா பிக்கெட் அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். இரும்புச் சட்டியில் சோள ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒன்பது வயது டெசா ஒரு கையால் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே மறு கையால் ரொட்டியைப் பிட்டுத் தம்பி க்ளெமின் வாயில் போட்டாள். க்ளெமுக்கு மூன்று வயது. கருகிய விளிம்பைக் கிள்ளி எடுத்துவிட்டுக் கொடுத்தால்தான் வாயைத் திறப்பான்.

எதிர் நாற்காலியில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, லோரீன் டாக்கெட் உட்கார்ந்திருந்தாள். டாலிவர் கவுண்டி என்ற அந்த மாவட்டத்தின் சூப்பர்மார்க்கெட்டில் இறைச்சி வெட்டுபவள். வயது முப்பத்தேழு. பெற்றோரிடமிருந்து அரசு எடுத்து வளர்ப்பு வீடுகளில் விட்ட பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் பேசும் தொண்டர்களில் ஒருத்தி. சம்பளம் கிடையாது. நீதிபதி முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்திருக்கிறாள். மாதம் இரண்டு முறை வந்து பிள்ளையைப் பார்க்கவேண்டும், பேசவேண்டும், கண்டதையும் கேட்டதையும் அறிக்கையாக எழுதவேண்டும். நலத்துறை ஊழியர் ஒருவர் தலையில் நாற்பது பிள்ளைகள். தொண்டருக்கு ஒரே ஒரு வழக்கு; லோரீனுக்கு டெசாவும் க்ளெமும். அதனால் தொண்டர் எழுதியதை நீதிபதி இரண்டு முறை படிப்பார்.

"சாப்பிடுறியா பொண்ணே?" என்றாள் வெர்னா. "மூணாவது தடவ வர்ற. ஒரு வாய் தொட்டதில்ல."

"வேணாம் மிஸ்ஸஸ் பிக்கெட்."

"கோர்ட்டுல வெஷம்னு சொல்லி அனுப்பிச்சாங்களா?"

டெசா சிரித்தாள். லோரீன் சிரிக்கவில்லை. இந்த வீட்டு பீன்ஸின் வாசனை அவளுக்குத் தெரியும். பத்து வயதில் பதினான்கு மாதம் இங்கே இருந்திருக்கிறாள். இதே சமையலறை. மாடிப்படிக்குக் கீழே இதே மளிகை அலமாரி. அப்போது அதன் கதவில் பூட்டு தொங்கும். சாவி வெர்னாவின் ஏப்ரன் பையில் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் காலைக்கும் நடுவே பசித்தால் தண்ணீர்தான்.

ஒரு நாள் லோரீன் திருப்புளியால் அந்தப் பூட்டைக் கழற்றி ஒரு டப்பா பீச் பழத்தைத் தின்றாள். மறுநாளே வெர்னா பத்து நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். வளர்ப்பு வீட்டார் ஒரு தாளில் இரண்டு வரி எழுதித் தந்தால் போதும். பத்து நாளில் நலத்துறை வந்து பிள்ளையை அழைத்துப் போய்விடும். காரணம் கேட்க ஆள் கிடையாது. பள்ளி விட்டு வந்தபோது லோரீனின் துணிகள் இரண்டு குப்பைப் பைகளில் வாசலில் இருந்தன. அதன்பின் எட்டு வீடுகள். எட்டாவதில் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

வெர்னாவுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அப்போது அவள் லோரீன் ஸ்பர்லாக். டாக்கெட் என்பது கல்யாணத்தில் வந்து, விவாகரத்துக்குப் பின்னும் ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்த வழக்கை ஏற்றபோது படிவத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு கேள்வி இருந்தது. இதில் சம்பந்தப்பட்ட யாரையாவது உங்களுக்கு முன்பே தெரியுமா? விலாசத்தைப் பார்த்தாள். பேனா நின்றது. பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்திக் குறியிட்டாள். தாள் கிழிந்தது.

"மிஸ் லோரீன், க்ளெமுக்குப் போன வாரம் மூச்சு இழுத்துச்சு" என்றாள் டெசா. "மருந்து மிஷின வாயில வெச்சா அலறுவான். நான் மடியில போட்டுக்கிட்டு பாடினாத்தான் சும்மா இருப்பான். மிஸ் வெர்னா பாடினா இன்னும் அலறுவான்."

"என் குரலக் கேட்டா செத்தவனே எழுந்து ஓடுவான்" என்றாள் வெர்னா.

லோரீன் காதில் இது விழவில்லை. அலமாரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டு இல்லை. கொண்டி இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்தும் மறையவில்லை.

"இது என்ன ஓட்டை?" என்று கேட்டாள்.

வெர்னா கரண்டியைத் தட்டில் வைத்தாள். "பழசு" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், குளிர் அறைக்குப் பக்கத்துச் சிறு மேசையில், ரத்தம் காயாத மேலங்கியோடு லோரீன் அறிக்கையை எழுதினாள். 'உணவு அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருந்ததற்கான தடயத்தைப் பார்த்தேன்.' அது உண்மை. 'பிள்ளைகளுக்கு உணவு மறுக்கப்படுகிறது.' அது பொய். 'குழந்தையின் விருப்பம்' என்று ஒரு பகுதி உண்டு. பிள்ளை சொன்ன வார்த்தையில்தான் அதை எழுதவேண்டும் என்று பயிற்சியில் மூன்று முறை சொல்லியிருந்தார்கள். லோரீன் எழுதினாள்: 'எனக்கு இங்கே பசிக்கிறது. என்னை வேறு எங்காவது கொண்டுபோங்கள்.' பத்து வயதில் அவள் சொல்ல நினைத்த வார்த்தைகள் அவை. அன்று கேட்க யாரும் வரவில்லை.

அறிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஒரு பன்றித் தொடையை ஒரே வீச்சில் துண்டாக்கினாள். நெடுநாளைக்குப் பின் கை இவ்வளவு நிதானமாக இருந்தது.

நலத்துறை, வழக்கு விசாரணைக்கு வரும் வரை காத்திருக்கவில்லை. உணவு மறுக்கப்படுகிறது என்று படித்த பிறகு காத்திருந்தால் வேலை போய்விடும். ஊழியர் போய்ப் பார்த்தார். நான்கு ஓட்டைகள் இருந்தன. அவசர அவசரமாகப் பூட்டைக் கழற்றியிருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டார். வெர்னா ஏதோ சொல்ல வந்தாள். அதைக் கேட்பது அவர் வேலை அல்ல.

வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று லோரீனுக்குத் தகவல் வந்தது. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். எதிர்ச்சாரியில், தேவாலயத்தின் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தாள். இதற்காகத்தான் இருபத்தேழு வருடம் காத்திருந்தாள்.

வெர்னா வாசலில் நின்றாள். ஏப்ரன் கட்டியிருந்தாள். கைகள் ஏப்ரனைச் சுருட்டிச் சுருட்டி விட்டன. அவள் வாசலிலேயே இரண்டு பைகள். அதைப் பார்த்தபோது லோரீனுக்கு உள்ளே இனித்தது. நில்லு, நல்லா நின்னு பாரு, என்று வாய்க்குள் சொன்னாள். எப்படி இருக்குன்னு இப்பத் தெரியுதா?

அந்த இனிப்பு பதினோரு நிமிடம் நீடித்தது.

இரண்டு கார்கள் வந்திருந்தன. ஏன் இரண்டு என்று அவள் யோசிக்கவில்லை. ஒன்றில் டெசாவை ஏற்றினார்கள். மற்றதில் க்ளெமை ஏற்றினார்கள். அவன் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினான். டெசா ஓடுகிற காரின் கதவைத் திறக்கப் பார்த்தாள். நாற்சந்தியில் ஒரு கார் இடப்பக்கம் திரும்பியது, மற்றது வலப்பக்கம் திரும்பியது.

இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள மூன்று கவுண்டிகளில் வேறு வீடு இல்லை. வழக்குக் கட்டின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தது. லோரீன் அந்தப் பக்கத்தைத் தாண்டி விலாசத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவள்.

ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு மைல் ஓட்டிப்போய் டெசாவைப் பார்த்தாள். புது வீடு சுத்தமாக இருந்தது. தட்டில் சாண்ட்விச் வைத்திருந்தார்கள். டெசா தொடவில்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

"க்ளெம் எங்க?"

"நல்ல வீட்லதான் இருக்கான்."

"நல்ல வீட்ல யாரு பாடுவா?"

லோரீன் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூச்சு இழுத்தா மருந்து வாங்கமாட்டான். மூணு தடவ வந்தீங்க, மூணு தடவையும் சொன்னேன். நீங்க அந்தக் கதவையே மொறச்சிட்டு இருந்தீங்க." டெசா அழவில்லை. அதுதான் லோரீனுக்குப் பயமாக இருந்தது. அவளும் அழாத பிள்ளையாக இருந்தவள். அழாத பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"பசிக்குதுன்னு நான் சொன்னதா எழுதியிருக்கீங்களாம். பூட்டு இருக்குன்னும் எழுதியிருக்கீங்களாம். எந்தப் பூட்டு?"

"முன்னாடி இருந்துச்சு."

"எப்ப?"

"நான் அந்த வீட்ல இருந்தப்ப. எனக்கு அப்ப பத்து வயசு."

டெசா எழுந்து நின்றாள். "அப்ப அது உங்க கேஸ். என் கேஸ்ல ஏன் எழுதுனீங்க?"

அந்தக் கேள்வியோடு தொண்ணூறு மைலும் திரும்பி ஓட்டினாள்.

புதன்கிழமை விசாரணை. நீதிபதி க்ரேடி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அறிக்கையைக் கையில் எடுத்தார். மறுபக்கம் வெர்னா, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் நீல உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். தள்ளி நலத்துறை ஊழியர் பக்கத்தில் டெசா. அவளுக்கு அந்தப் பக்கம், இன்னொரு பெண் மடியில் க்ளெம். மூச்சு இழுத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தான். கையில் ஊசிப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"மிஸ் டாக்கெட், இதுக்கு மேல எதாவது சேக்கணுமா?"

லோரீன் எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேக்க ஒண்ணுமில்ல யுவர் ஆனர். எடுக்கத்தான் இருக்கு. பசிக்குதுன்னு பிள்ளை சொல்லவே இல்ல. நான் கேக்கவும் இல்ல. என் வாயில இருந்தத அவ வாயில போட்டு எழுதுனேன். அந்த ஓட்டை என் காலத்துப் பூட்டோடது. நான் அந்த வீட்ல பதினாலு மாசம் இருந்தவ. இவங்கள தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டதும் பொய்."

வெர்னா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். முதல் முறையாக லோரீனின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"ஸ்பர்லாக்" என்றாள். "அந்த பீச் டப்பா."

"ஆமா."

"மிஸ்ஸஸ் பிக்கெட், பூட்டு இருந்துச்சா?" என்றார் நீதிபதி.

"இருந்துச்சு. இவளுக்குப் போட்டேன். அதுக்கு முன்னாடி இருந்ததுங்களுக்கும் போட்டேன். அப்ப அதான் சரின்னு நெனச்சேன். இந்த ரெண்டுக்கும் போடல." குரலில் மன்னிப்பு எதுவும் இல்லை. லோரீன் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்தது.

நீதிபதி டெசாவைத் தனியே தன் அறைக்கு அழைத்துப் பேசினார். கால் மணி நேரம் ஆனது. திரும்பி வந்து வெர்னாவைப் பார்த்தார். "உங்க பேரு கெட்டுப்போச்சு. இனிமே மாசத்துக்கு ஒரு தடவ சொல்லாம கொள்ளாம சோதனைக்கு வருவாங்க. இவ்வளவுக்கு அப்புறமும் இந்தப் பிள்ளைங்கள எடுத்துக்கணும்னு நான் உங்களக் கட்டாயப்படுத்த முடியாது. வேணாம்னா சொல்லிடுங்க."

டெசாவின் கை க்ளெமின் காலைப் பிடித்தது. வேண்டாம் என்று சொல்ல வெர்னாவுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஊர் முழுக்க அவள் பெயர் நாறிப்போயிருந்தது. தேவாலயத்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாகக் கிடந்தது.

"சோதனைக்கு வரட்டும்" என்றாள் வெர்னா. "வரும்போது சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க, எல்லாருக்கும் ஆக்கிப் போட முடியாது. படுக்கை விரிச்சது விரிச்சபடியே இருக்கு. மருந்து மிஷினும் எங்கிட்டதான் இருக்கு, அத மறந்துட்டுப் போய்ட்டாங்க."

லோரீன் அடையாள அட்டையைக் கழற்றி நீதிமன்ற எழுத்தர் மேசையில் வைத்தாள். பொய்க் கையெழுத்துக்கு என்ன நடவடிக்கை என்று பிறகு கடிதம் வரும் என்றார்கள். வரட்டும் என்றாள்.

நடைவழியில் வெர்னா அவளைக் கடந்தாள். நின்றாள்.

"எனக்குக் குழி தோண்டத்தான வந்த? அப்புறம் ஏன் எழுந்து நின்ன?"

"உங்களுக்காக நிக்கல" என்றாள் லோரீன். "உங்கள நான் மன்னிக்கவும் இல்ல. சாகுற வரைக்கும் மன்னிக்கமாட்டேன். அது நம்ம ரெண்டு பேரோட வழக்கு. நீங்க எனக்குப் பண்ணினதுக்கு டெசா தலையில பழி தீர்த்தேன் பாருங்க, அதுல நானும் உங்கள மாதிரிதான் ஆயிட்டேன். பிள்ளைக்காகப் பேச வர்றவ தன் பழைய கோவத்த வாசல்லயே விட்டுட்டு வரணும். முடியலேன்னா இந்த வேலைக்கே வரக்கூடாது. இல்லேன்னா அந்தப் பிள்ளைக்கு ஒரு துணை கிடைக்காது, இன்னொரு எதிரிதான் கிடைப்பா."

டெசா க்ளெமை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவர்கள் இருவருக்கும் நடுவே புகுந்து போனாள். இருவரில் யாரையும் அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தம்பியின் காதில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.